மயில் வேடிக்கை பார்த்த சைக்கிள் பந்தயம்

மயில், மான், காட்டுப்பன்றி மூன்றும் குளத்தங்கரைக் காட்டில் இணைபிரியாத நண்பர்கள். காட்டுத் திருவிழா ஊர்வலத்தில் ஆண்டுதோறும் கொடி பிடித்து முன்னால் நடப்பது மயில்தான். அதில் அதற்கு அப்படி ஒரு பெருமை!

இந்த ஆண்டு தலைவர் யானை புது உத்தரவு போட்டது. "திருவிழா அன்று காலையில் சைக்கிள் பந்தயம். ஜெயிப்பவருக்கே கொடி!"

சாதாரணப் பந்தயமா அது! குளக்கரை மணலில் மிதிக்க வேண்டும். குறுக்கே மரம் கிடந்தால் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டும். கடைசியில் ஒரு செம்மண் மேடு. இப்படி இரண்டு சுற்று!

"ஐயையோ, என் தோகை அழுக்காகிவிடுமே! நான் வேடிக்கை மட்டும் பார்க்கிறேன்" என்றது மயில். ஆனால் கொடி கைவிட்டுப் போகிறதே என்று அதன் முகம் வாடிவிட்டது.

"அட, இதற்குப் போய் ஏன் கவலை? நான் ஜெயித்தால் கொடியை உன்னிடமே கொடுத்துவிடுகிறேன். கூட்டத்துக்கு முன்னால் நடக்கச் சொன்னால் எனக்குக் கை கால் உதறும்!" என்றது மான். மயிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பந்தயம் தொடங்கியது. மயில் ஒரு பாறை மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டது. மான் எல்லாரையும் முந்திக்கொண்டு பறந்தது. காட்டுப்பன்றியோ முதல் மரத்திலேயே தடுக்கி விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. பன்றி கீழே, சைக்கிள் மேலே! ஆனாலும் சிரித்துக்கொண்டே எழுந்து மிதித்தது.

கூட்டத்துக்கு அதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "விடாதே பன்றியண்ணே! மிதி, மிதி!" என்று முயல்களும் அணில்களும் தொண்டை கிழியக் கத்தின.

மயிலுக்கு வயிறு எரிந்தது. 'கடைசியில் வருகிறவனுக்கா இத்தனை கைதட்டல்? என்னை ஒருவராவது பார்க்கிறார்களா?'

தோகையை விரித்துக் காட்டியது.

"கொஞ்சம் ஒதுங்கு மயிலண்ணே, பன்றியண்ணனை மறைக்கிறாய்!" என்றது ஓர் அணில்.

அவ்வளவுதான்! மயிலுக்கு மானும் மறந்துபோயிற்று, கொடியும் மறந்துபோயிற்று. "இருங்கள், இந்தப் பந்தயத்தையே நிறுத்திக் காட்டுகிறேன்!" என்று கறுவியது.

அந்தக் காட்டில் மயில் ஆடினால் மழை வரும். ஆடியது, ஆடியது, அப்படி ஓர் ஆட்டம்! வானம் கறுத்தது. மழை கொட்டித் தீர்த்தது. ஆனால் கூட்டம் கலைந்ததா? இல்லை! ஆளுக்கொரு இலையைத் தலையில் பிடித்துக்கொண்டு பன்றியைத்தான் பார்த்தது.

இரண்டாம் சுற்றில் செம்மண் மேடு முழுக்கச் சேறு. முன்னால் வந்த மான் பாதி ஏறும், சறுக்கிக் கீழே வரும். மெல்லிய கால்கள் புதைந்து புதைந்து தவித்தன. மற்றவர்களும் அதே சேற்றில் சிக்கிக்கொண்டார்கள். பின்னால் வந்த பன்றி சேற்றைப் பார்த்ததும், "ஆகா, நம்ம வீடு!" என்று கூவியது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று ஏறிப் போய் எல்லைக் கோட்டைத் தொட்டது. காடே ஆர்ப்பரித்தது!

கொடியைப் பன்றியிடம் கொடுத்தது யானை. மான் தலை குனிந்து மயிலிடம் வந்தது. "மன்னித்துக்கொள் மயிலே. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் கொடி உனக்குத்தான். எங்கிருந்துதான் வந்ததோ இந்தப் பாழாய்ப்போன மழை!"

"அப்படிச் சொல்லாதே! இந்த மழை இல்லாவிட்டால் நான் எங்கே ஜெயிப்பது? இதைக் கொண்டுவந்தவர் நூறு வயது நன்றாக இருக்கட்டும்!" என்றது பன்றி.

மயிலோ மாலை ஊர்வலத்தில், நனைந்து கனத்த தோகை சேற்றில் இழுபட, எல்லாருக்கும் கடைசியில் நடந்தது.

அடுத்தவருக்குக் கிடைக்கும் கைதட்டலைக் கண்டு பொறாமைப்படுகிறவர், தனக்குக் கிடைக்க இருந்ததையும் தானே கெடுத்துக்கொள்வார்.