பின் அடித்த பக்கங்கள்

விமானப் பயிற்சிப் பள்ளியின் வகுப்பறை மேசையில் தவசீலன் மூன்று பத்திரிகைகளைப் பரப்பி வைத்தார்.

"மேடம், இந்த மூணுல எதுக்குச் சந்தா கட்டட்டும்?"

கேப்டன் ஜெனிட்டா டீயை ஆற்றிக்கொண்டே பார்த்தார். ஆசிரியைக்கு வயது இருபத்தொன்பது, மாணவருக்கு நாற்பது. தவசீலன் விமானப்படையில் பதினாறு வருஷம் கருவிகளைப் பழுது பார்த்தவர். உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைக் கண்ணைக் கட்டிவிட்டால்கூடக் கழற்றிப் பூட்டிவிடுவார். அதனால் ஜெனிட்டா அவரை அண்ணாச்சி என்பார், அவர் ஜெனிட்டாவை மேடம் என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை.

"எதுக்குப் பத்திரிகை?"

"எனக்கு அறிவு பத்தலை மேடம். பாடப்புத்தகம் எல்லாம் மூணு சுத்து படிச்சாச்சு. இன்னும் ஆழமாத் தெரிஞ்சுக்கிடணும்."

அவர் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதற்கென்று ஒரு தேர்வு உண்டு. அதற்கு அனுப்பும் முன் பள்ளியே ஒருமுறை சோதித்துப் பார்க்கும். மாணவரின் நெற்றியில் ஒரு மறைப்பை மாட்டிவிடுவார்கள். முந்நூறு அடி வரை இறங்கலாம். அங்கே ஆசிரியர் மறைப்பை விலக்கினால் ஓடுபாதை தெரியும். விலக்காவிட்டால் மேகம் என்று அர்த்தம், உடனே மேலே ஏறிவிட வேண்டும். தவசீலன் முதல் தடவை காத்திருந்து காத்திருந்து இருநூற்று அறுபதுக்குப் போனார். இரண்டாம் தடவை இருநூற்று நாற்பது. முன்னேற்றம்தான், திசைதான் தப்பு.

மூன்றாவது தடவையும் தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். அது அந்தப் பள்ளியின் விதி. இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

பதினாறு வருஷம் மற்றவர்களை மேகத்துக்குள் அனுப்பிவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து பார்த்த மனுஷன். ஒரு தடவையாவது தானே உள்ளே போய்த் தானே வெளியே வர வேண்டும் என்று ஆசை. லேசில் விடுவதாக இல்லை.

ஜெனிட்டா பத்திரிகைகளைப் புரட்டினார். ஒன்று வழவழ தாளில் புதுப் புதுக் கருவிகளின் படங்களோடு இருந்தது. இன்னொன்றில் வரைபடங்கள், விதிகள், பின்னால் விபத்து அறிக்கைகள். மூன்றாவது ஒல்லி, கறுப்பு வெள்ளை. இதழுக்கு ஒரே ஒரு பயணம். மேகத்துக்குள் போன ஒரு விமானியின் கதையைப் புறப்பட்டதிலிருந்து கடைசிவரை சொல்லும்.

அவர் ஒல்லியானதை எடுத்தார்.

"இதை எப்படிப் படிக்கீங்க?"

"கடைசிப் பக்கத்தை முதல்ல பாத்திருவேன். என்ன ஆச்சுன்னு தெரிஞ்சிரும்லா. அப்புறம் முன்னால இருந்து வந்தா, அவன் எங்க கோட்டை விட்டான்னு பளிச்சுன்னு தெரியும்."

"எப்பவும் தெரியுமா?"

"ஒரு தடவைகூடத் தப்பினதில்லை மேடம்." தவசீலன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"இது படிச்சதா?"

"இல்லை, இது நேத்துதான் வந்துச்சு."

ஜெனிட்டா டம்ளரை வைத்தார். ஸ்டேப்ளரை எடுத்து, அந்த இதழின் கடைசி நாலு பக்கங்களைச் சேர்த்து, ஓரத்தில் டக் டக்கென்று ஐந்து பின் அடித்தார். தவசீலனுக்கு வயிறு எரிந்தது. கடல் கடந்து வந்த பத்திரிகை.

"படிங்க. நீங்களா இருந்தா எந்த வரியில திரும்பியிருப்பீங்களோ, அங்க பென்சில்ல ஒரு கோடு போடுங்க."

தவசீலன் படித்தார். அந்த விமானி நிதானமான ஆள். எரிபொருள் வேண்டிய அளவு இருந்தது. மேகம் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் தாழ்வு, கொஞ்சம்தான். ஒரு கருவி சற்று மந்தமாகக் காட்டியது. அது இருக்கும்தான், அப்படி எத்தனையோ அவரே பார்த்திருக்கிறார். அடுத்த ஊரில் வானம் தெளிவு என்று வானொலியில் சொன்னார்கள். ஒவ்வொரு வரியும் நியாயமாகவே இருந்தது. பென்சில் அந்தரத்திலேயே நிற்க, பின் அடித்த இடம் வந்துவிட்டது.

"இது பத்தாது மேடம். இன்னும் ஒரே ஒரு பக்கம் பாத்தா சொல்லிருவேன்."

"அவருக்கும் இவ்வளவுதான் தெரியும் அண்ணாச்சி."

தவசீலனின் காது சூடேறியது. சின்னப் பிள்ளையைப் போல நடத்துகிறார்களே என்று கோபம். ஒரு கோடும் போடாமல் எழுந்து போனார்.

மறுநாள் காலையில் அதே பத்திரிகையின் பழைய இதழ்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து மேசையில் போட்டார். யாரிடமோ கெஞ்சி வாங்கியது. ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை.

"எல்லாத்துக்கும் பின் அடிச்சுக் குடுங்க."

ஜெனிட்டா சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பின் அடித்தார்.

தினமும் இரண்டு இதழ் என்று கணக்கு. காலையில் பறப்பார், மத்தியானம் படிப்பார், கோடு போட்டுக் கொண்டுவந்து காட்டுவார். முதல் இரண்டு நாளும் கோடு பின்னை ஒட்டியே விழுந்தது. மூன்றாம் நாள் ஒரு பக்கம் முன்னால் வந்தது. ஐந்தாம் நாள் பாதிக்கு வந்துவிட்டது. ஜெனிட்டா கோட்டைப் பார்ப்பார், "ம்" என்பார். சரி என்றும் சொல்லமாட்டார், தப்பு என்றும் சொல்லமாட்டார். பின்னைப் பிரிக்கவும் விடமாட்டார்.

தவசீலனால் அதைத்தான் தாங்க முடியவில்லை. உடம்பெல்லாம் அரித்தும் சொறியக் கூடாது என்றால் எப்படி இருக்கும்? சாப்பிடும்போதும் அந்த விமானிகள் மேகத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனும் இறங்கவில்லை, ஒருத்தனும் விழவில்லை.

எட்டாம் நாள் வீட்டில் நகவெட்டியால் ஒரு இதழின் பின்களை நெம்பிவிட்டார்.

ஒன்பதாம் நாள் சோதனை. கார்த்திகை மழைமேகம் கரிசல் காட்டின்மேல் தாழ இறங்கிக் கிடந்தது. தவசீலன் பிரித்த இதழோடு நேராக ஜெனிட்டாவின் அறைக்குப் போனார்.

"ஏழாம் பக்கத்துலயே கோடு போட்டேன் மேடம். மேகம் தாழ்ந்திருச்சு, திரும்பிருவேன்னு. அவன் திரும்பலை. உள்ள போய், பத்திரமா இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுப் படுத்துட்டான்."

"சரி."

"அப்ப என் கோடு தப்புதானே?"

"பின்னை ஏன் பிரிச்சீங்க?"

"தெரிஞ்சுக்கிடாம இருக்க முடியலை." தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. "இது வேண்டாம் மேடம். தப்பு பண்ணினவன் தப்பிச்சுப் போறதை எல்லாம் போட்டு மனுஷனைக் குழப்புது. அந்த ரெண்டாவது பத்திரிகைக்கே கட்டிருதேன். அதுல தப்பு பண்ணினவன் விபத்துல மாட்டுதான். தெளிவா இருக்கு."

"இதுக்கே கட்டுங்க."

"ஏன்?"

"பத்திரமா இறங்கிட்டான்னு சொன்னீங்கள்லா. அவன் மறுநாளும் அதே மாதிரி உள்ள போயிருப்பான்."

ஜெனிட்டா சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க, நேரமாச்சு. இன்னைக்கு மறைப்பு தேவைப்படாது."

ஏறின இரண்டாவது நிமிஷமே கண்ணாடிக்கு வெளியே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. உடம்பு வலப்பக்கம் சாய்வதாகச் சொன்னது. கருவி 'இல்லை' என்றது. தவசீலன் கருவியின் பேச்சைக் கேட்டார். சுற்றி வந்து ஓடுபாதையை நோக்கி இறங்கத் தொடங்கினார்.

அறுநூறு அடி. ஐந்நூறு. நானூறு. பக்கத்து இருக்கையில் ஜெனிட்டா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முந்நூறு.

வெளியே வெள்ளைதான். இன்னும் ஒரே ஒரு நொடி என்று மனசு கெஞ்சியது. அது எவ்வளவு நியாயமாகக் கேட்டது என்பது அவருக்குத்தான் தெரியும். தவசீலன் த்ராட்டிலை முழுசாகத் தள்ளினார். எஞ்சின் உறுமியது. மூக்கு நிமிர்ந்து விமானம் ஏறியது.

ஏறித் திரும்பும்போது மேகம் ஓரிடத்தில் கிழிந்தது. கீழே ஓடுபாதை முழு நீளமும் மழையில் கழுவிவிட்டாற்போல் கிடந்தது. நடுவிலிருந்த வெள்ளைக் கோடுகளைக்கூட எண்ணலாம். இன்னும் இருபது அடி இறங்கியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அவருக்கு அழாத குறை.

"மேடம், ரன்வே அங்கயேதான் இருந்திருக்கு."

ஜெனிட்டா கீழே எட்டிப் பார்க்கவில்லை. தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு சுத்து வருவோம் அண்ணாச்சி. அது எங்க போயிரப் போகுது?"