கழுத்துப் படத்துக் கையெழுத்து

சீடருக்கு ஐம்பத்துநாலு வயது. குருவுக்கு முப்பத்தெட்டு. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் திருநெல்வேலியில் அப்படித்தான் நடந்தது.

சீடர் பெயர் குற்றாலம். முப்பது வருடம் கோயில் சுவரிலும் காலண்டரிலும் சாமி வரைந்த கை. ஒரு நாள் காலையில் என்ன தோன்றியதோ, ஊரில் இருந்த ஒரு மருத்துவக் கல்லூரியின் படப் பிரிவுக்குப் போய் நின்றார். அங்கே ரெஜினாள் என்கிற பெண் குனிந்து உட்கார்ந்து ஓர் ஈரலை வரைந்துகொண்டிருந்தாள். அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர்கள் பார்த்துப் படிக்கப் படம் போட்டுத் தருவதுதான் அவள் வேலை.

"சாமிக்கு வெளிய எல்லாம் வரைஞ்சாச்சு டீச்சர். மனுசனுக்கு உள்ள என்ன இருக்குன்னு வரையணும். சொல்லித் தருவீங்களா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பென்சிலச் சீவிட்டு வாங்க அண்ணாச்சி," என்றாள்.

அன்றைக்குச் சீவ ஆரம்பித்தவர்தான். ரெண்டு வருடம் ஓடிவிட்டது. குடலும் எலும்பும் தசையும் அவருக்கு நன்றாகவே படிந்தன. ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் விட முடியவில்லை. படம் முடிந்ததும் வலது கீழ் மூலையில் வால் நீட்டி 'குற்றாலம்' என்று கையெழுத்துப் போட்டால்தான் மனிதருக்குச் சோறு இறங்கும். ரெஜினாள் ரப்பரை எடுத்து அதை அழித்துவிட்டுப் படத்தை வாங்கிக்கொள்வாள்.

"பின்ன என் பேர எங்கதான் டீச்சர் போடணும்?"

"சொல்லுதேன். என்ன அவசரம்?"

அவருக்கு இதில் உள்ளூர வருத்தம் உண்டு. வீட்டிலும் அவர் பெயருக்கு இடம் கிடையாது. மனைவி ஆவுடையம்மாள் புருஷன் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்து ஆள். அவளுக்கு வேலையோ பஸ் ஸ்டாண்டில், மைக்கில் வண்டி நேரம் அறிவிப்பது. ஊரில் தொலைந்துபோகிற பிள்ளைகளின் பெயரையெல்லாம் கணீரென்று சொல்கிறவள், குற்றாலம் வண்டி வந்தால் மட்டும், "தென்காசி தாண்டி அருவிக்குப் போற வண்டி" என்பாள். டிரைவர்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோய், பிறகு அதையே போர்டில் எழுதலாமா என்று யோசித்தார்கள்.

அந்த வருடம் கழுத்துப் படம் ஒன்று தேவைப்பட்டது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியை எடுக்கும்போது, அதற்குப் பின்னால் ஒரு நரம்பு ஓடும். மெல்லிய நரம்பு. கத்தி அதில் பட்டால் குரல் போய்விடும். குற்றாலம் ஆபரேஷன் தியேட்டருக்குள் நின்று ஓர் அறுவை சிகிச்சையைப் பார்த்துவிட்டு வந்து வரைந்தார். படம் பளபளவென்று வந்தது. நரம்புக்குத் தாலிக் கயிறு கணக்காக நல்ல மஞ்சள் பூசியிருந்தார். மூலையில் கையெழுத்தும் வழக்கத்தைவிடப் பெரிசு.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த டாக்டர் இசக்கியப்பன் அதைப் பார்த்தார். "பிரமாதம் அண்ணாச்சி, கண்ணை மூடிட்டுக்கூடக் கண்டுபிடிச்சிரலாம்," என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். குற்றாலத்துக்குத் தலைகால் புரியவில்லை.

ரெஜினாள் வந்தாள், பார்த்தாள், கையெழுத்தை அழித்தாள். படத்தை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

"உள்ள நின்னு பாத்தீங்களே அண்ணாச்சி, நரம்பு மஞ்சளாவா இருந்துச்சு?"

"இல்ல டீச்சர். வெள்ளை. சுத்தி இருக்கிற சவ்வும் அதே வெள்ளை. கண்ணுக்கே படல. பாக்கிறவங்களுக்குத் தெரியட்டும்னுதான் மஞ்சள் போட்டேன். புஸ்தகத்துல எல்லாம் அப்படித்தான போடுதாங்க?"

அவள் எழுந்து கேண்டீனுக்குப் போனாள். வரும்போது கையில் ஒரு தட்டு இடியாப்பம். மேசையில் வைத்தாள்.

"இதுக்குள்ள மஞ்சள் நூல் ஒண்ணு கிடக்கு. அறுந்துராம எடுத்துக் குடுங்க."

குற்றாலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் விரலால் நீவிப் பார்த்தார். பிறகு பிரித்தார். பிறகு பிய்த்தார். கால் மணி நேரத்தில் இடியாப்பம் புட்டு ஆகிவிட்டது. மஞ்சள் நூலைக் காணவில்லை.

"இல்லையே டீச்சர்."

அவர் பிய்த்து ஓரமாக ஒதுக்கிய குவியலில் கைவிட்டு, அவள் ஒரு நூலை எடுத்தாள். வெள்ளை நூல். மூன்று துண்டாக இருந்தது.

"இது வெள்ளையால்லா இருக்கு. நீங்க மஞ்சள்னுல்லா சொன்னீங்க," என்றார் குற்றாலம்.

அவள் மேசையில் கிடந்த அவருடைய படத்தை மெல்ல அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களும் அப்படித்தான அண்ணாச்சி சொல்லியிருக்கீங்க."

குற்றாலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. மனைவி எடுத்து வைத்ததும் இடியாப்பமாகப் போயிற்று.

சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டியவளும் அன்றைக்குத் தன் தட்டைத் தொடாமல் எதிரே உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கொஞ்ச நாளாக இருந்த வீக்கத்தைக் காட்ட அதே கல்லூரியின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். தைராய்டாம். இடது பக்கம் எடுத்துத்தான் ஆக வேண்டுமாம்.

"எடுக்கிறதுல பயமில்ல," என்றாள் ஆவுடையம்மாள். "குரல் போயிருமோன்னுதான் இருக்கு. பேச முடியாம மைக் முன்னால உக்காந்து நான் என்ன செய்வேன்?"

"எந்த டாக்டர் செய்யுதாராம்?"

"புதுசா வந்த பையனாம். இசக்கியப்பன்னு பேரு. பெரிய டாக்டர் பக்கத்துல நிப்பாராம். வர்ற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன்."

அந்தப் பையனின் செல்போனுக்குள் இருக்கும் மஞ்சள் நரம்பு குற்றாலத்தின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதுவும் அவர் கையால் போட்ட மஞ்சள், அவர் கையெழுத்தோடு.

மறுநாள் காலையில் முதல் வேலையாக டாக்டரைத் தேடிப் போனார். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனவர், நேரில் பார்த்ததும் பட்டென்று சொல்லிவிட்டார்.

"தம்பி, அந்தப் படத்த அழிச்சிருங்க. அது பொய்."

"என்ன அண்ணாச்சி, அவ்வளவு நல்லா இருந்துச்சே."

"நல்லா இருந்துச்சு. அதான் பொய். நான் வேற தாரேன். எங்க வீட்டுக்காரிக்குத்தான் நீங்க செய்யப் போறீங்க."

இசக்கியப்பன் போனை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே அழித்தார். ரப்பருக்குத் தப்பிப் பெயரோடு வெளியே போன ஒரே படம் அப்படிப் போனதில் குற்றாலத்துக்கு வருத்தம் இல்லாமல் இல்லை.

அதற்குப் பிறகு மனிதர் மூன்று அறுவை சிகிச்சைகளுக்கு உள்ளே போய் நின்றார். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. ரெண்டாம் நாள் பெரிய டாக்டர் சுட்டிக் காட்டிய பிறகு தெரிந்தது. மூன்றாம் நாள் அவர் காட்டுவதற்கு முன்பே குற்றாலத்தின் கண் அங்கே போய்விட்டது. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில், கீழேயிருந்து மேலாக, அழுக்கு வெள்ளையில் ஓர் இழை. அதன் முதுகில் மயிரை விட மெல்லிசாக ஒரு ரத்தக்குழாய் சிவப்பாகக் கூடவே ஓடியது. பக்கத்துச் சவ்வுக்கு அது இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதை வரைந்தார். முதலில் வரைந்ததைக் கிழித்தார், ரெண்டாவதையும் கிழித்தார். நரம்பைத் தேட எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டருக்குக் காட்ட வேண்டுமே. அதற்காகக் கழுத்தின் அடிப்பகுதியையும் சேர்த்து வரைந்தபோது, எதிரே நின்று பார்ப்பவருக்கு இடது பக்கம் வலதாகத் தெரியும் என்பதால், அந்த வெள்ளை இழை படத்தின் வலது கீழ் மூலையிலிருந்துதான் கிளம்பி வர வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடுகிற அதே மூலை.

புதன்கிழமை காலையில் படத்தை ரெஜினாளிடம் கொடுத்தார். பளபளப்பு இல்லை. முதலில் பார்த்தால் எல்லாம் ஒரே வெளிறலாகத் தெரிந்தது. ரெஜினாள் வெகு நேரம் பார்த்தாள். அவள் விரல் மூலையில் ஆரம்பித்து, தயங்கி, தேடி, பிறகு நிதானமாக மேலே ஏறியது.

"டாக்டர்ட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். முதல்ல அவருக்கும் தெரியல. அப்புறம் அவராவே கண்டுபிடிச்சாரு. நேத்து எத்தனை தடவை பாத்தாருன்னு கணக்கே இல்ல."

அவள் தலையசைத்துப் படத்தை வாங்கி உள்ளே வைத்தாள். ரப்பருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

"பேர் போட இடமே இல்லாமப் போச்சு டீச்சர். இப்பவாவது சொல்லுங்க, என் பேர் எங்க இருக்கணும்?"

"நாளைக்குச் சொல்லுதேன்," என்றாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆவுடையம்மாளை உள்ளே கொண்டுபோனார்கள். தியேட்டர் வாசல் பெஞ்சில் குற்றாலம் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். ரெஜினாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். பத்து மணி ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. சீவிச் சீவி அந்தப் பென்சில் சுண்டுவிரல் அளவுக்கு வந்துவிட்டது.

கடைசியில் கதவு பாதி திறந்தது. ஒரு நர்ஸ் டிரேயோடு வெளியே போனாள். மூடுவதற்குள் உள்ளேயிருந்து இசக்கியப்பனின் குரல் கேட்டது.

"அம்மா, கண்ணைத் திறங்க. வாயத் திறந்து ஏதாவது பேசுங்க பாப்போம். என்ன வேணும்?"

சத்தமே இல்லை. குற்றாலம் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏதாவது சொல்லுங்கம்மா. யாரைக் கூப்பிடணும்?"

மயக்கம் முழுசாகத் தெளியாத குரல். கொஞ்சம் கரகரப்பு. ஆனாலும் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டுப் பழகிய அதே குரல்தான்.

"எங்க வீட்டு ஆளு... குற்றாலம்... வெளிய நிக்காகளா?"

கதவு மூடிக்கொண்டது.

குற்றாலம் நின்ற இடத்திலேயே நின்றார். கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அவள் வாயில் அவர் பெயர். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்க அவருக்குத் தோன்றவில்லை.

ரெஜினாள் மடியில் விழுந்த பென்சில் தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"எங்க இருக்கணும்னு அத்தனை தடவை கேட்டீங்களே அண்ணாச்சி. காதுல விழுந்துச்சா?"