சூரியன் மேல் ஒரு தீர்ப்பு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பேரப்பிள்ளைகளைவிடத் தாத்தாக்களைப் பற்றியே கவலை அதிகமாக இருந்த நாளில், மகுடவர்மன் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். பக்கத்து நாட்டுக் கல்யாணத்துக்குப் போனபோதுதான் வந்தது வினை. பந்தியில் அவரை இரண்டாவது இலையில் உட்கார வைத்துவிட்டார்கள். முதல் இலையில் யார் என்றால், சந்திர வம்சத்து ராஜாவாம்.

"ஏன், நாமும் சூரிய வம்சம்தானே?" என்று மகுடவர்மன் கேட்டார். எதிர் வரிசையில் ஒரு கிழட்டு ராஜா பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "புலவர் பாடினால் ஆயிற்றா? ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மகுடவர்மனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

ஊர் திரும்பியதும் சபையைக் கூட்டினார். "எனக்குப் பாட்டு வேண்டாம். நான் சூரியனுடைய வாரிசு என்பதற்கு, எந்த நியாய சபையிலும் நிற்கக்கூடிய ஆதாரம் வேண்டும். யார் கொண்டு வருவீர்கள்?"

புலவர்களெல்லாம் தூணில் இருந்த சிற்பங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பிரதானி சிங்கண்ணர் மட்டும் எழுந்தார். இந்தச் சிங்கண்ணர் ராஜ வம்சத்துக்குத் தானும் தூரத்துப் பங்காளி என்று சொல்லிச் சொல்லியே பிரதானி ஆனவர். சபையில் அவருக்குக் கண்டால் ஆகாதவர் ஒரே ஒருவர்தான், கொழுந்தப்பர்.

கொழுந்தப்பர் கரம்பைநாட்டுக்காரர். ராஜ்யத்தின் ஓரத்தில், மழை வந்தால் சோறு, வராவிட்டால் இல்லை என்கிற சீமை அது. அவர் நியாய நூல் படித்தவர். படித்தோமா, பிழைத்தோமா என்று இராமல், அந்த நாட்டுப் பழைய சபைகள் சொன்ன தீர்ப்புகளையும், எந்தப் பெரிய குடும்பம் எப்படிப் பெரிய குடும்பம் ஆனது என்ற கதையையும் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு, ஓலையில் எழுதிக் கட்டுக் கட்டாகச் சேர்த்திருந்தார். வாய்த் துடுக்கு வேறு. ராஜா அவரைச் சபையில் வைத்திருந்தது அந்தத் துடுக்குக்காகத்தான். சிங்கண்ணருக்கோ அந்த ஓலைகள்தான் பயம். அவருடைய பாட்டனார் மதகைத் திருட்டுத்தனமாகத் திறந்து ஊர்த் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பியதும், பிடிபட்டு நடுச்சபையில் தோப்புக்கரணம் போட்டதும் அதில் ஒரு கட்டில் இருந்தது.

"மகாராஜா! குலப்பெருமை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட கொழுந்தப்பர் இருக்கையில் மற்றவர்களை வருத்துவானேன்?" என்றார் சிங்கண்ணர். "அடுத்த சபையில் அவரே ஆதாரம் தரட்டும். தராவிட்டால், மகாராஜாவின் குலத்துக்கே உதவாத ஓலைகள் வேறு யாருக்கு உதவப் போகின்றன? அரண்மனை அடுப்புக்காவது உதவட்டும்."

ராஜா இருந்த கோபத்தில், "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார்.

தலையை வெட்டுவோம் என்றிருந்தால்கூடக் கொழுந்தப்பர் ஏதாவது நக்கல் பேசியிருப்பார். ஓலை என்றதும் மனிதர் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிட்டார்.

வீட்டுக்குப் போனால், மனைவி தெய்வானை கூடத்தில் உட்கார்ந்து அந்த ஓலைகளுக்குத்தான் எண்ணெயும் மஞ்சளும் தடவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார்.

"நல்லவேளை. இதுக்குத் தடவுன எண்ணெயில நாலு கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்டிருக்கலாம்" என்றாள் தெய்வானை. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. "சரி சரி, அழாதீங்க. இப்ப என்ன ஆதாரம் வேணுமாம்?"

"சூரியனுக்கு இவர் வாரிசு என்று ஆதாரம். எங்கே போவேன்? பிரசவம் பார்த்த மருத்துவச்சியைக் கூட்டி வரட்டுமா?"

"ஊர்ல ஒருத்தர் விடாம எல்லார் வண்டவாளத்தையும் எழுதி வச்சிருக்கீங்களே, சூரியன் மட்டுமா உங்க கையில சிக்காம போயிருப்பான்?"

அவள் என்னவோ இடித்துக் காட்டத்தான் சொன்னாள். கொழுந்தப்பருக்கோ ஏதோ பொறி தட்டிவிட்டது. பழைய கட்டுகளைத் தேடிப் பரணில் ஏறிவிட்டார்.

சபை நாள் வந்தது. சமையற்கட்டிலிருந்து ஆட்கள் பெரிய பெரிய கூடைகளோடு வாசலில் தயாராக நின்றார்கள். சிங்கண்ணரின் ஏற்பாடு. கொழுந்தப்பர் ஒரே ஓர் ஓலையோடு வந்தார்.

"ஆதாரம் கிடைத்ததா?" என்று கேட்டார் ராஜா.

"கிடைத்தது, மகாராஜா. ஆனால் வாரிசு என்பவன் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னோருடைய சொத்தையும் பட்டத்தையும் எடுத்துக்கொள்ள யார் வேண்டுமானாலும் வருவார்கள். முன்னோர் மேல் விழுந்த தீர்ப்பை எவன் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறானோ அவனே வாரிசு. இது கரம்பைநாட்டுச் சட்டம். அதற்கு மேல் எந்தச் சபையும் கேள்வி கேட்க முடியாது."

"அதற்கும் எனக்கும் என்ன?"

"சூரியபகவான் மேல் ஒரு தீர்ப்பு இருக்கிறது, மகாராஜா."

சபை கொல்லென்று சிரித்தது. கொழுந்தப்பர் ஓலையைக் கண்ணருகே பிடித்துக்கொண்டார்.

"கேடு என்று ஒன்று நடந்தால், செய்தவன் பேரைச் சொல்லாமல் எங்கள் நாட்டுச் சபை கலையக் கூடாது. முன்பு ஒரு பஞ்சத்தில் பயிரெல்லாம் கருகிப்போயிற்று. கருக்கியவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏரிக்கரையில் சபை கூடிச் சூரியனை மும்முறை பேர் சொல்லி அழைத்தது. வந்தார். சரியாக உச்சியில் வந்து நின்றார். குற்றத்தைப் படித்தார்கள். மறுக்கவில்லை. மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? பிறர் பயிரைக் கருக்கியவன் அந்த நிலத்துக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். ஆகவே, தூர்ந்து கிடக்கும் பெரியேரியைச் சூரியனோ அவர் வாரிசோ தூர் வாரித் தர வேண்டும், முதல் கூடை மண்ணை வாரிசே சுமக்க வேண்டும் என்று தீர்ப்பு. தீர்ப்பைப் படித்து முடிப்பதற்குள் பிரதிவாதி மேற்கே இறங்கிவிட்டார். அன்றிலிருந்து வாரிசைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இப்போது நீங்களாகவே வந்து அகப்பட்டீர்கள்."

"அபசாரம்!" என்று துள்ளி எழுந்தார் சிங்கண்ணர். "பட்டிக்காட்டார் பகவானையே குற்றவாளி ஆக்குவதா? அந்தத் தீர்ப்புக்கும் மகாராஜாவுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லை என்கிறீரா? இதோ எழுத்தாணி. 'சூரியனுக்கும் நம் மகாராஜாவுக்கும் சம்பந்தம் இல்லை, இது பிரதானியின் வாக்கு' என்று எழுதிக்கொள்ளட்டுமா?"

சிங்கண்ணர் ராஜாவைப் பார்த்தார். ராஜா சிங்கண்ணரைப் பார்த்தார். ராஜாவின் மீசை லேசாக ஆடியது.

"சிங்கண்ணரே, நீரும் நம் பங்காளிதானே? இரண்டாவது கூடை உமக்கு."

"மகாராஜா, அது வந்து... நிதானமாக யோசித்துப் பார்த்தால் அடியேனுடைய பாட்டனார் வெறும் குடியானவர். சூரியனெல்லாம் எங்களுக்கு எட்டாத தூரம்."

"மற்றவர்கள்?"

மற்றவர்களும் யோசித்துப் பார்த்தார்கள். சபை கூடும்போது சூரிய வம்சத்தார் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தாம்பூலத் தட்டு வருவதற்குள் ராஜா ஒருவர்தான் மிச்சம். கொழுந்தப்பர் ஒவ்வொருவர் வாக்கையும் சிரத்தையாக எழுதிக்கொண்டார். ராஜா மீசையைத் தடவியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கூடைகள் வாசலில் தயாராக இருக்கின்றன போலிருக்கிறதே, அவற்றையே கரம்பைநாட்டுக்கு அனுப்புங்கள்" என்றார்.

கரம்பைநாட்டுக்குப் பரிவாரத்தோடு ராஜா போய் இறங்கினார். தலைப்பாகையைக் கழற்றிச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு முதல் கூடையைத் தூக்கினார். தூக்கத் தெரியவில்லை.

"சாமி, அப்படிக் குனியாதீங்க, இடுப்பு புடிச்சுக்கும்! முட்டிய மடக்கித் தூக்குங்க" என்று கத்தினார் ஒரு விவசாயி.

வெயில் மண்டையைப் பிளந்தது. பாதிக் கரை ஏறுவதற்குள் ராஜாவுக்கு மூச்சு வாங்கியது. நின்று, அண்ணாந்து பார்த்து, "பாட்டனாரே, உமக்காகத்தான் சுமக்கிறேன். கொஞ்சம் பார்த்துக் காயக்கூடாதா?" என்றார். ஏரிக்கரையே சிரித்தது. பின்னாலேயே படைவீரர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள்.

கரை மேல் கொழுந்தப்பர் மோர்ச் சொம்போடு காத்திருந்தார். "மகாராஜா, அடுத்த கல்யாணத்தில் சந்திர வம்சத்து ராஜாவைப் பார்த்தால், 'உங்கள் பாட்டனாருக்காக நீங்கள் எதைச் சுமந்தீர்கள்?' என்று மட்டும் கேளுங்கள்."

"கேட்கிறேன், கட்டாயம் கேட்கிறேன்" என்றார் ராஜா, கூடையை இறக்காமலே. "உம்முடைய ஓலைகள் இனி அடுப்புக்குப் போகாது. இந்தக் கரையிலேயே அவற்றுக்குக் கல்மண்டபம் கட்டித் தருகிறேன். எண்ணெய் தடவிப் பாதுகாக்கச் சிங்கண்ணரை நியமிக்கிறேன். குடியானவர் பேரன்தானே, பாட்டனார் கதையைப் படித்துக்கொண்டே தடவட்டும்."

கொழுந்தப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கும்பிடப் போக, ராஜா அவர் கையைப் பிடித்து அருகில் இழுத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"உண்மையைச் சொல்லும். நான் சூரிய வம்சம்தானா?"

"அது எனக்கு எப்படித் தெரியும், மகாராஜா? ஆனால் இனிமேல் இல்லை என்று சொல்ல எவனுக்கும் வழி கிடையாது."

ராஜா சிரித்த சிரிப்பில் தலைக்கூடை சரிந்து, மண் முழுவதும் கொழுந்தப்பர் மேல் கொட்டியது.