தார்க்குழி அதிகாரி

மசிநாட்டில் கிணறு வெட்டினால் தார்தான் வரும். அந்தத் தாரை அள்ளிப்போய் அண்டை நாட்டுக்காரர்கள் எல்லாம் சாலை போட்டுக்கொண்டார்கள். மசிநாட்டில் மட்டும் புழுதி பறந்தது. இதைச் சரிக்கட்ட அரசாங்கம் தார்வளத் துறை ஒன்றைத் தொடங்கி, வைரக்கண்ணுவை அதிகாரியாகப் போட்டது. அவருக்குக் கீழே சடைமுத்து, குப்பாண்டி என்று இரண்டு பேர். சும்மா சொல்லக்கூடாது, மூவருமே ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

அரசாங்க உத்தியோகம் என்பதற்காகவே ஒருவர் வைரக்கண்ணுவுக்குப் பெண் தர ஒத்துக்கொண்டிருந்தார். வேலை போனால் பெண்ணும் போச்சு. அந்தப் பயத்தில் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

அமைச்சர் கூப்பிட்டுச் சொன்னார்: “மேற்பார்வை சரியா இருக்கணும். தார்வளத்தை வளர்க்கணும். நேர்ல வந்து பார்ப்பேன்.”

மேற்பார்வை என்றால் மேலேயிருந்துதானே பார்க்கணும்? மூவரும் தார்க்குழிக் கரையில் நின்ற பனைமரத்தில் தொற்றிக்கொண்டார்கள். கீழே யார் யாரோ வண்டி கட்டி வந்து தாரை அள்ளினார்கள்.

“தடுக்கலாமாய்யா?” என்றான் குப்பாண்டி.

“நமக்குப் பார்க்கத்தான் உத்தரவு,” என்றார் வைரக்கண்ணு.

அடுத்தது வளர்ப்பு. தாருக்கு என்ன உரம் போடுவது என்று வெகுநேரம் பேசினார்கள்.

“வாழைத்தார் பெருக்கச் சாணிதான் போடுறோம்,” என்றான் சடைமுத்து. “இதுவும் தார்தானேய்யா?”

நியாயம்தான். வண்டி வண்டியாகச் சாணியைக் கொட்டித் தண்ணீரும் விட்டார்கள். குழி நிரம்பிக் கரை வழிந்தது. அத்தனை வளர்ச்சியைப் பார்த்த பிறகுதான் வைரக்கண்ணு வயிறாரச் சாப்பிட்டார்.

அமைச்சர் வந்தார். மாப்பிள்ளையின் பெருமையைப் பார்க்க வருங்கால மாமனாரும் வந்து நின்றார். அமைச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு, மூவரும் மறுபடி ஏறியிருந்த மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“அங்க உட்கார்ந்து என்னய்யா பண்றீங்க? இறங்கி வேலை பாருங்க.”

மரத்தைவிட்டு இறங்கினார்கள். வேலை இருப்பது குழியில் அல்லவா? அதிலும் இறங்கினார்கள். இடுப்புவரை தார் பிடித்துக்கொண்டது.

“உங்க மூணு பேரையும் இப்பவே வேலையிலேருந்து தூக்கிட்டேன்,” என்று கத்திவிட்டு அமைச்சர் வண்டியேறிப் போய்விட்டார்.

மூவரும் கையை உயர்த்தித் தயாராக நின்றார்கள்.

“தூக்கிட்டேன்னாரு, நான் இன்னும் இங்கதானே இருக்கேன்?” என்றான் குப்பாண்டி.

“அரசாங்கக் காரியம். உத்தரவு முதல்ல வரும், மத்தது மெதுவா வரும்,” என்ற வைரக்கண்ணு, பூரிப்போடு கரையைப் பார்த்தார். “கேட்டீங்களா மாமா? என்னைத் தூக்கிவிடுறது அமைச்சரே.”

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“கையை மட்டும் இறக்கிடாதீங்க மாப்பிள்ளை. நான் போய் மேளத்துக்குச் சொல்லிட்டு வந்துடுறேன்.”