நாற்பது குரல் வாத்தியார்

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. காட்டுக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. நீங்கள் பாடம் படிக்காவிட்டால் மதிப்பெண்தான் போகும். அங்கே படிக்காவிட்டால் உயிரே போய்விடும்.

பள்ளிக்கூடம் என்றால் கட்டடமெல்லாம் கிடையாது. குளத்தங்கரையில் ஒரு பெரிய அத்தி மரம், அதன் கீழே கொஞ்சம் வெட்டவெளி, அவ்வளவுதான். மான் குட்டி, முயல் குட்டி, பன்றிக் குட்டி எல்லாம் அங்கேதான் படித்தன. சிறுத்தையிடமிருந்து தப்பிப்பதை மந்தி டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். பாம்பு, பருந்து இரண்டும் மலையணில் வாத்தியாரின் பாடம். நாளெல்லாம் வகுப்பு எடுக்கிறவர்கள் எப்போது இரை தேடுவது? அதனால் அத்தி மரத்தின் தெற்குக் கிளையில் காய்க்கிற பழம் முழுவதும் ஆசிரியர்களுக்கே என்று காட்டுச் சபை ஒதுக்கி வைத்திருந்தது.

செவ்வந்தி என்ற புள்ளிமானின் குட்டியும் அங்கே படித்தான். அவன் பெயர் துடியன். செவ்வந்தி ஒரு வாயில்லாப் பூச்சி. இலை விழுந்தால்கூட நடுங்குவாள். துடியனுக்கு முன்னால் பிறந்ததைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து இவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டால்தான் அவளுக்கு வாயில் புல் இறங்கும்.

மந்தி டீச்சர் படு கறார். அவள் வகுப்பில் பாதிப் பாடம் காத்திருப்பதுதான். உச்சிக் கிளையில் உட்கார்ந்து எதிர்மேட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். புதரில் நிஜமாகவே சிறுத்தையின் வால்நுனி தெரிந்தால் மட்டும் "கர்ர்... ஹக்" என்று அடித்தொண்டையில் இருமுவாள். அப்போது ஓடாமல் நின்று "என்ன டீச்சர்?" என்று கேட்ட குட்டிக்கு அன்று காது சிவந்துவிடும்.

"முதலில் ஓடு. அப்புறம் கேள்," என்பாள்.

விளையாட்டுக்குக்கூட அவள் அந்தக் குரலைப் பொய்யாக எழுப்ப மாட்டாள். அது மந்திகளின் குலவழக்கம்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. அத்தி காய்ப்பும் குறைந்தது. உடனே சபை கூடியது. தலைவர் காட்டெருமை பாதித் தூக்கத்தில் இருந்தார். அவர் உடம்புக்கு எந்தச் சிறுத்தையும் கிட்டே வராது, அவருக்கென்ன கவலை? பேச்செல்லாம் மந்திரி நரியார்தான்.

"சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?" என்று ஆரம்பித்தார் நரியார். "மந்தி டீச்சர் காலையிலிருந்து மாலைவரை மரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அதற்கு ஒரு கிளைப் பழமா? நம் கரிச்சான் குருவியைப் பாருங்கள். நாற்பது குரல் தெரிந்தவர். எல்லாப் பாடத்துக்கும் அவர் ஒருவரே போதும். அவருக்குப் பழம்கூட வேண்டாம், பழத்தில் மொய்க்கிற பூச்சியே போதும்."

"மிச்சமாகிற பழம் எங்கே போகும்?" என்று கேட்டாள் ஒரு பன்றி.

"சபைக்குகை இடுக்காக இருக்கிறதே, அதைப் பெரிதாக்கும் கரடிகளுக்குக் கூலி வேண்டாமா?" என்றார் நரியார். காட்டெருமை கண்ணைத் திறக்காமலே தலையாட்டினார்.

செவ்வந்தி எழுந்து நின்றாள். "ஐயா, குரல் தெரிந்தால் மட்டும்..."

அவள் முடிக்கவில்லை. நரியார் கரிச்சானுக்குக் கண்ணைக் காட்டினார். கரிச்சான் கழுத்தை நீட்டி, "கர்ர்... ஹக்" என்றார். அசல் மந்தி தோற்றது போங்கள். மானும் முயலும் பன்றியுமாக சபையில் பாதி அலறியடித்து ஓடிற்று. செவ்வந்திதான் முதலில் ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்து எல்லாரும் மூச்சு வாங்கியபடி, அசடு வழியத் திரும்பி வந்தார்கள்.

"பார்த்தீர்களா அம்மா? நீங்களே ஓடினீர்கள்," என்றார் நரியார். "இவரைவிட நல்ல வாத்தியார் எங்கே கிடைப்பார்?"

நாங்கள் ஓடியது கரிச்சானின் சாமர்த்தியமா, சின்ன வயதில் எங்களுக்குப் பாடம் சொன்ன மந்திகளின் சாமர்த்தியமா என்று கேட்க நினைத்தாள் செவ்வந்தி. அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சுற்றிலும் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதை விழுங்கிவிட்டு உட்கார்ந்தாள்.

மறுநாளே மந்தி டீச்சர் கிளம்பினாள். அவள் வயிற்றில் ஒரு கைக்குழந்தை ஒட்டிக்கொண்டிருந்தது.

"போகாதீங்க டீச்சர்," என்றாள் செவ்வந்தி.

"நான் பட்டினி கிடந்தால் இவனுக்குப் பால் ஏது, செவ்வந்தி? அடுத்த மலையில் நாவல் பழுத்திருக்கிறதாம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். மலையணில் வாத்தியார் அவளுக்கு முன்பே போய்விட்டிருந்தார்.

கரிச்சான் வாத்தியார் கெட்டவர் இல்லை. பாவம், அவருக்குத் தலைக்கு மேல் வேலை. எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே மரத்தடியில். போதாததற்கு, குளத்துத் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து வா, சபைச் செய்தியைக் காடு முழுக்கச் சொல்லி வா என்று அவரையே விரட்டினார்கள். அவரும் ஒரு வழி கண்டுபிடித்தார். தான் குரல் கொடுப்பது, பிள்ளைகள் அது யாரென்று சொல்வது.

"கர்ர்... ஹக்."

"சிறுத்தை வருகிறது, வாத்தியாரே."

காலையிலிருந்து மாலைவரை இதே கதைதான். சரியாகச் சொன்ன பிள்ளைக்குப் பாராட்டு. துடியன் தினமும் பாராட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

ஒருநாள் தாயும் பிள்ளையும் மேய்ந்துகொண்டிருந்தபோது மேட்டிலிருந்து நிஜமான இருமல் கேட்டது. செவ்வந்தி ஒரே தாவாகத் தாவிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். துடியன் நின்ற இடத்திலேயே நின்றான். தலையை நிமிர்த்தி, "சிறுத்தை வருகிறது," என்று சொல்லிவிட்டு அம்மா பாராட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் ஓடி வந்து அவனைத் தலையால் முட்டிப் புதருக்குள் தள்ளினாள். நல்லவேளை, சிறுத்தை வேறு பக்கம் போயிற்று.

விடிந்ததும் வாத்தியாரிடம் ஓடினாள். "ஐயா, அவனுக்குப் பெயர் சொல்லத் தெரிகிறது. ஓடத் தெரியவில்லையே."

"ஒவ்வொரு குரலுக்கும் இவர்கள் ஓடினால் திரும்பக் கூட்டிச் சேர்ப்பது யார் அம்மா?" என்றார் கரிச்சான். அவர் குரல் கம்மிப்போயிருந்தது. "என் ஒருவனால் இவ்வளவுதான் முடியும். மந்திரியாரிடம் சொல்லிப் பாருங்கள்."

மற்றத் தாய்மார்களிடம் சொன்னாள். "என் பிள்ளை எல்லாக் குரலையும் தப்பில்லாமல் ஒப்பிக்கிறான். உன் பிள்ளையும்தான். இன்னும் என்ன குறை உனக்கு?" என்றாள் பன்றி. தனியாக நரியார் முன்னால் போய் நிற்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சரி, நாமே சொல்லிக்கொடுப்போம் என்று பார்த்தாள். "குரல் கேட்டால் பேசாதே கண்ணு, ஓடு," என்றாள்.

"எங்க வாத்தியார் அப்படிச் சொல்லித்தரலை. உனக்குத் தெரியாது, போம்மா," என்றான் துடியன்.

அவனோடு உட்கார்ந்து மல்லுக்கட்ட அவளுக்கு நேரமும் இல்லை. பக்கத்துப் புல்லெல்லாம் காய்ந்துவிட்டது. ஓடைக்கு அப்பால் போனால்தான் பச்சை கிடைக்கும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. ஆகவே, மனசே இல்லாமல், அவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போவாள்.

அன்றும் அப்படித்தான் போயிருந்தாள். வெயில் ஏறிய நேரம். மேட்டில் ஏதோ ஒரு மந்தி, "கர்ர்... ஹக்" என்று இருமியது. கரிச்சானுடையது இல்லை, நிஜக் குரல். செவ்வந்தியின் கால்கள் அவளைக் கேட்காமலே ஓடின. பாதி வழியில் சட்டென்று நின்று அத்தி மரத்துப் பக்கம் காதைத் திருப்பினாள். குட்டிக் குளம்புகள் தடதடவென்று ஓடுகிற சத்தம் வரவேண்டும். அதற்காகக் காத்திருந்தாள்.

அங்கிருந்து வந்தது வேறு சத்தம்.

"சிறுத்தை வருகிறது, வாத்தியாரே."

எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து, ஒரே குரலாக, பிசிறில்லாமல் சொன்னார்கள்.

செவ்வந்தி பிறந்ததிலிருந்து அந்த இருமலைக் கேட்டு விலகித்தான் ஓடியிருக்கிறாள். அன்று முதன்முறையாகச் சிறுத்தை இருக்கிற பக்கம் ஓடினாள். முள் கிழித்தது, கல் இடறியது, எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது மரத்தடியில் புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மூலைக்கொன்றாகச் சிதறி அழுதுகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். துடியன் இல்லை.

கரிச்சான் வாத்தியார் கிளையிலிருந்து இறங்கி வந்தார்.

"அந்தக் குரலை நான் கொடுக்கவில்லை அம்மா. ஓடுங்கள் ஓடுங்கள் என்று கத்தினேன். அதுவும் ஒரு கேள்வி என்று நினைத்துவிட்டார்கள்." பிறகு, "ஒருவர்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. துடியன்தான் எல்லாரையும்விட உரக்கச் சொன்னான்," என்றார்.

"ஆமாம் ஐயா," என்றாள் செவ்வந்தி. "அவன் நன்றாகப் படிக்கிற பிள்ளை."

மற்றத் தாய்மார்கள் தங்கள் தங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மட்டும் அங்கேயே நின்றாள்.

நீதி: ஆசிரியரின் பங்கைக் குறைத்து மிச்சம் பிடிக்கிற ஊர், அந்த மிச்சத்துக்கு ஈடாகத் தன் பிள்ளைகளைக் கொடுக்கும்.