இரண்டு கப்பிகளுக்கு நடுவே

நெரிசலைக் குறிக்கும் ‘சாக்-எ-பிளாக்’ என்ற ஆங்கிலச் சொல் பேருந்தில் பிறந்தது என்று எண்ணுவது மன்னிக்க முடியாத பிழை. அது பாய்மரக் கப்பலில் பிறந்தது. பாய்க்கயிற்றை இறுக்கும் கப்பிகள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால், இனி இழுக்க இடமில்லை என்று அர்த்தம்.

இது கீழக்கரை மாலுமி மீராசாவுக்குத் தெரியும். வெள்ளைக்காரக் கேப்டன் துரைக்கும் தெரியும்; ஆனால் இட்ட கட்டளையை மாற்றும் பழக்கம் அவருக்கில்லை. ஒரு நாள் கப்பிகள் முட்டி நின்ற பிறகும், “இன்னும் ஒரு சாண் இழுங்கள்! இல்லாவிட்டால் ஒருவனுக்கும் சோறு கிடையாது” என்றார்.

மீராசா பசியோடு நின்ற கூட்டாளிகளைப் பார்த்தான்.

“ஆகட்டும் துரை. ரெண்டு கப்பிக்கும் நடுவுல உங்க விரலை விட்டுக் காட்டுங்க. விரல் போற மட்டும் இழுத்துடுறோம்.”

துரை குனிந்தார். வெள்ளைக் கையுறையில் கயிற்றுத் தார் அப்பியது. விரல் நுனிகூட நுழையவில்லை.

அன்று சோறு வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்தது.