பாடை வந்து நின்ற சிறைவாசல்

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டை இளங்கொற்றன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் கடைசியாகக் காதில் ஓதியவன் பக்கம் சாய்கிறவன். ராஜாவுக்கு இந்தக் குணம் இருந்தால் குடிகள் பாடு திண்டாட்டம்தான். அவனிடம் மெச்சும்படி ஒரு பழக்கமும் உண்டு. அம்மன் கோயில் உச்சிப்பூசை மணி கேட்காமல் அவன் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது.

அவனுக்கு மந்திரி சாத்தப்பர். கோட்டைக் காவலும் சிறையும் விருதுராயர் பொறுப்பு. ராஜா மந்திரியிடம் யோசனை கேட்டுவிட்டால் போதும், ராயருக்கு வயிறு எரியும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. காத்தாயி என்ற குடியானவப் பெண், வாடுகிற பயிரைப் பார்க்கப் பொறுக்காமல், தன் முறை வருமுன்னே ஏரி மடையைத் திறந்துவிட்டாள். குற்றம் குற்றம்தான். ஒரு வருஷம் சிறை என்று தீர்ப்பானது. அவளுக்குக் கைக்குழந்தை. புருஷன் சடையன் பிள்ளையைத் தூக்கிவந்து கொடுப்பான், அவள் பாலூட்டிய பிறகு வாங்கிப் போவான். இது மந்திரி செய்து வைத்த ஏற்பாடு. ராயருக்கு அது போதாதா?

ஒருநாள் சபையில் மெல்ல ஆரம்பித்தார்.

"மகாராஜா, சிறையை மாமியார் வீடு என்று ஜனங்கள் கேலிக்குச் சொல்வார்கள். நம் ஊரில் மந்திரியார் புண்ணியத்தில் அது நிஜமாகவே மாமியார் வீடாகிவிட்டது. குடிக்கத் தண்ணீர், காய வெயில், பார்க்க வர சொந்தபந்தம்! இனித் தலைதீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பதுதான் பாக்கி."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். "என்ன செய்யலாம் என்கிறீர்?"

"சிறைக்குள் போனவர் செத்தவர் என்று ஆணையிடுங்கள். செத்தவருக்கு உறவு எதற்கு, வெயில் எதற்கு, கேட்டபோதெல்லாம் தண்ணீர்தான் எதற்கு?"

சாத்தப்பர் பதறி எழுந்தார். "அரசே, காத்தாயிக்குப் பால்குடி மறவாத பிள்ளை..."

"செத்தவளுக்கு ஏதய்யா பிள்ளை?" என்று வெட்டினார் ராயர். சபை மறுபடி சிரித்தது. எல்லோரும் சிரிக்கும்போது ராஜாவுக்கும் அதுதான் நியாயம் என்று பட்டது.

"அப்படியே ஆகட்டும். சிறையில் இருப்பவர் அத்தனை பேரும் இன்று முதல் செத்தவர். மந்திரியாரே, நீர் இதை மீறப் பார்க்கிறீரா?"

"மீறமாட்டேன், அரசே. ஓர் எழுத்து பிசகாமல் நிறைவேற்றுகிறேன்" என்று வணங்கிவிட்டுப் போனார் சாத்தப்பர்.

மறுநாள் உச்சிவேளை தாண்டியது. கோயில் மணி அடிக்கவில்லை. அரண்மனை அடுப்பும் புகையவில்லை. ராஜாவுக்குப் பசி காதை அடைத்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. கோயில் குருக்களை அழைத்துவரச் சொன்னான்.

"நடை ஏன் திறக்கவில்லை?"

"எப்படித் திறப்பேன் மகாராஜா? கோட்டைக்குள்ளே பிணம் கிடக்கிறதாமே! எடுக்கிற வரைக்கும் பூசை கிடையாது. இது காலாகாலமாக உள்ள வழக்கம்."

"பிணமா? யார் செத்தது?"

பக்கத்தில் நின்ற சாத்தப்பர் சொன்னார்: "சிறையில் உள்ள அத்தனை பேரும், அரசே. நேற்று தங்கள் வாயாலே சொன்னீர்கள். பாடைக்குச் சொல்லிவிட்டேன். சங்கு ஊதுகிறவனும் வந்துவிட்டான்."

"ஐயோ, அது ஒரு பேச்சுக்குச் சொன்னது!" என்றார் விருதுராயர்.

"பேச்சுக்குச் சொல்வது நீரும் நானும். ராஜா சொன்னால் ஆணை. அரசே, தாங்கள் வந்து பார்த்துச் சொல்லுங்கள். தூக்கச் சொல்லிவிடுகிறேன்."

ராஜா கோபத்தோடுதான் புறப்பட்டான். சிறைவாசலில் பச்சை மூங்கில் பாடைகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே சடையன் குழந்தையோடு நின்றான். நேற்றிலிருந்து நிற்கிறான்.

"சாமி, பசும்பாலைப் புகட்டினேன், கக்கிடுச்சு. கஞ்சித் தண்ணியும் இறங்கல. இப்ப அழக்கூடத் தெம்பில்ல சாமி."

குழந்தை ஈனக் குரலில் ஒரு தரம் அழுதது. இருட்டறைக்குள் சுவரில் சாய்ந்துகிடந்த காத்தாயி சட்டென்று நிமிர்ந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் குரல் கேட்டதும் அவளுடைய மார்ச்சேலை நனைந்துகொண்டே வந்தது.

ராஜா அதைப் பார்த்தான். பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"அரசே, தூக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார் சாத்தப்பர்.

"கதவைத் திற" என்றான் ராஜா.

குழந்தை வயிறாரக் குடித்து முடிக்கிற வரைக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு அவன் வெளியிலேயே நின்றான். அதற்குப் பிறகுதான் கோயில் நடை திறந்தது.

"மந்திரியாரே, குற்றவாளியிடம் எதை எடுக்கலாம், எதை விடவேண்டும்? இதற்கு அளவு என்ன?"

"தங்கள் தீர்ப்புதான் அளவு, அரசே. இவள் ஒரு வருஷம் வெளியே நடமாடக்கூடாது என்றீர்கள். நடமாட்டத்தை எடுத்தாயிற்று. தாகத்தையும் தாய்மையையும் எடுக்கச் சொல்லி எந்தத் தீர்ப்பிலும் இல்லையே. தாங்கள் எடுக்காதது அவளுடையதுதான். அதில் கைவைத்தால் அது திருட்டு."

வெட்கம் வந்தால் ராஜாக்களுக்கு யார் மேலாவது பாயவேண்டும். இளங்கொற்றன் விருதுராயர் பக்கம் திரும்பினான். "இவனை உள்ளே தள்ளுங்கள்! ஒரு மாதம் கிடக்கட்டும். சொட்டுத் தண்ணீர் கொடுக்கக்கூடாது!"

"தள்ளுங்கள், அரசே. ஆனால் தண்ணீர் இவருக்கும் உண்டு."

"உமக்குக் குழி தோண்டியவனுக்கா?"

"எனக்கு வேண்டியவருக்கு மட்டும் கொடுத்தால் அது தானமாகிவிடும். நான் தானம் கேட்கவில்லை, அரசே."

ராஜா தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி மந்திரி கையில் வைத்து, சிறைப் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தான். தீர்ப்பில் சொல்லாத எதையும் சிறையிலிருப்பவரிடம் பறிக்கக்கூடாது என்று அன்றைக்கே ஊரெங்கும் பறையறைந்தார்கள்.

சாயங்காலம் காவலன் ஒவ்வோர் அறையாகத் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தான். கடைசி அறையில் விருதுராயர் மூலையில் ஒடுங்கியிருந்தார். குடம் தம் அறை வாசலில் நின்றதை அவரால் நம்ப முடியவில்லை.

"எனக்குமா?" என்று கேட்டார்.

"உங்களுக்கும்தாங்க" என்றான் காவலன்.